தையல் படங்கள்

பிப்ரவரி 13, 2025, வியாழன்

என் மகன், தம்பி, தலைக்கட்டோடு தூங்குகிறான். காது கேட்பதற்காக உள்ளே கருவி வைக்கும் காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்கிறார்கள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கட்டுப் பிரித்ததிலிருந்து காதுக்குப் பின்னால் வீக்கம். ராத்திரி இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது? இதே ஆபரேஷன் ஆன குழந்தைகளின் பெற்றோர் எழுதும் நம் இணையதளத்தில் பழைய படங்களைத் தேடினேன். ஆத்தூர் அக்கா தன் மகளுக்கு நாலாம் நாள், ஏழாம் நாள், பதினைந்தாம் நாள் என்று தையலை வரிசையாகப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார். நாலாம் நாள் படத்தையும் இவன் காதையும் செல்போன் வெளிச்சத்தில் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அதே வீக்கம், தோலில் அதே மினுமினுப்பு. கீழே எழுதியிருந்தார்: "செவந்து சூடா இருந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க." தொட்டேன். சூடு இல்லை. அதற்கப்புறம்தான் படுத்தேன். காலையில் டாக்டரும் பார்த்துவிட்டுப் பயமில்லை என்றார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பிரிட்டனில் லெஸ்டரிலிருந்து நம் தளத்தை நடத்தும் அண்ணா கூப்பிட்டார். தம்பியைப் பற்றி விசாரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "மார்ச் 16-க்குள்ள ஒரு முடிவு எடுக்கணும்மா, தளத்தை மூடிடலாமான்னு பாக்கறேன்" என்றார்.

பிரிட்டனின் இணையப் பாதுகாப்புச் சட்டம். 2023 அக்டோபரில் வந்தது, ஆஃப்காம் என்ற அமைப்பு அதை நடைமுறைப்படுத்துகிறது. ஆட்கள் எழுதவும் படம் போடவும் இடம் தருகிற தளம் எதுவானாலும், சின்னதோ பெரியதோ, சட்டவிரோதமான விஷயங்கள் உள்ளே நுழைய எவ்வளவு வாய்ப்பு என்று ஆராய்ந்து மார்ச் 16-க்குள் எழுதி வைத்திருக்க வேண்டுமாம். தவறினால் அபராதம் 1 கோடியே 80 லட்சம் பவுண்டு வரை, அல்லது உலகளாவிய வருமானத்தில் 10 சதவீதம் வரை, எது அதிகமோ அது. அண்ணா எட்டு வருடமாகச் சொந்தக் காசில் சர்வர் வாடகை கட்டுகிறார், வருமானம் ஒரு ரூபாய் கிடையாது, அதனால் அவர் கணக்கில் 10 சதவீதம் என்பது பூஜ்யம், உச்சவரம்பாக நிற்பது அந்த 1 கோடியே 80 லட்சம்தான். "அளவு பாத்துத்தான் செய்வாங்க, நமக்கு அவ்வளவு வராது. ஆனா வீட்டுல உன் அண்ணிக்குத் தூக்கம் இல்லம்மா" என்றார்.

பிப்ரவரி 19, புதன்

தளம் மூடக்கூடும் என்று ஏற்காட்டு அம்மாவிடம் யார் சொல்வது?

பிப்ரவரி 26, சிவராத்திரி

எப்படியும் கண்விழிக்கிற ராத்திரிதான். அண்ணாவும் நானும் போனில் அந்தத் தாள்களை முடிக்க உட்கார்ந்தோம். 17 வகைக் குற்றங்கள். பயங்கரவாதம், துப்பாக்கி, போதைப்பொருள், மோசடி என்று ஒவ்வொன்றுக்கும் நம் தளத்தில் ஆபத்து எவ்வளவு, ஏன் அப்படிச் சொல்கிறோம் என்று எழுத வேண்டும். பாதிக்கு மேல் வேகமாகப் போனது. குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை என்ற இடத்தில் இருவரும் நின்றுவிட்டோம். நம் தளம் முழுக்கக் குழந்தைகளின் முகம். தனியாகச் செய்தி அனுப்பும் வசதியும் இருக்கிறது. 140 பேரையும் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன், எண்ணிப் பார்த்தால் நாற்பது பேரோடுதான் பேசியிருக்கிறேன்.

சட்டத்தைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. மோலி ரசல் என்ற பெண் 2017-இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டபோது வயது 14. இணையத்தில் அவள் பார்த்தவையும் அந்தச் சாவுக்குக் காரணம் என்று 2022-இல் விசாரணையில் சொன்னார்கள். அவள் அப்பா அன்றிலிருந்து போராடுகிறார். அவர் பக்கம்தான் நான். ஆனால் அவள் பார்த்தது கோடிக்கணக்கானவர்கள் புழங்கும் பெரிய தளங்களில். அங்கே இந்தத் தாளை நிரப்பச் சம்பளத்துக்கு வக்கீல்கள் இருக்கிறார்கள். இங்கே அண்ணா இருக்கிறார், ஷிஃப்ட் முடிந்து வந்து.

மார்ச் 2, ஞாயிறு

லண்டனில் சைக்கிள்காரர்களின் பழைய தளம் ஒன்று மார்ச் 16-ஓடு மூடுவதாக டிசம்பரிலேயே அறிவித்ததாம். அண்ணா அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

தளத்தை என் பெயருக்கு மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். சேலத்திலிருந்து நடத்தினாலும் பிரிட்டனில் "கணிசமான எண்ணிக்கையில்" ஆட்கள் இருந்தால் சட்டம் பொருந்துமாம். கணிசம் என்றால் எவ்வளவு? அதற்கு ஒரு எண் போடவில்லை. நமக்கு அங்கே 11 பேர். இங்கே இந்தியாவில் 2021 ஐ.டி. விதிகளில் பெரிய தளம் என்றால் பதிவு செய்தவர்கள் 50 லட்சம் என்று ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள், கூடுதல் பாரமெல்லாம் அதற்கு மேல் உள்ளவர்களுக்கு. 11 கணிசமா? தம்பிக்குச் சோறு ஊட்டும்போதும் இதே நினைப்பு.

மார்ச் 6, வியாழன்

ஏற்காட்டு அம்மா அழைத்தார். "மூடிட்டா அந்த டப்பா விஷயம் எங்கங்க இருக்கும்?" என்கிறார். மழைக்காலத்து மூடுபனியில் அவர் மகள் காதில் மாட்டும் மெஷின் மதியத்துக்கு மேல் வேலை செய்யாமல் போகும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் போட்ட டப்பாவில் ராத்திரி இறுக மூடி வை, நீல மணி ரோஜா நிறமானால் மாற்று என்று அண்ணாதான் சொல்லிக்கொடுத்தார். நானும் தம்பிக்கு ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன். மணிகள் இன்னும் நீலம்.

மார்ச் 12, புதன்

தம்பியின் கருவிக்கு இன்று சுவிட்ச் ஆன். வெளி மெஷினின் காந்தம் தலையில் ஒட்டியதும் பிஸ்கட் மெல்வதை நிறுத்தினான். செவித்திறன் பார்க்கும் ஆடியாலஜிஸ்ட் மெதுவாகச் சத்தத்தின் அளவை ஏற்றினார். உதடு பிதுங்கி அழ ஆரம்பித்தான். தான் அழும் சத்தத்தைக் கேட்டு நிறுத்தினான். மறுபடி அழுதான், மறுபடி நிறுத்தினான்.

இவர் சிவதாபுரம் பட்டறையிலிருந்து கொலுசு ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஆட்டிக் காட்டினார். திரும்பவில்லை. பரவாயில்லை, முதல் நாள்தானே.

மார்ச் 14, வெள்ளி

அண்ணா மூடவில்லை. தாள்களை முடித்துவிட்டார். படம் போடும் வசதியையும் தனிச் செய்தியையும் எடுத்துவிடுகிறார், பழைய படங்களையும் சேர்த்து. சரிதான், நானும் ஒப்புக்கொண்டேன். ஆத்தூர் அக்காவிடம் கேட்டுவிட்டு அந்தத் தையல் படங்களை மட்டும் என் போனில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

மார்ச் 15, சனி

தருமபுரியிலிருந்து ஒரு அம்மா, புதிதாகச் சேர்ந்தவர், ராத்திரி 11:40-க்கு எழுதியிருக்கிறார்: "இன்னைக்கு கட்டு பிரிச்சாங்க, வீங்கியிருக்கு. யாருகிட்டயாவது போட்டோ இருக்குதுங்களா?"

படம் என் கையில் இருக்கிறது. போட இடமில்லை. ஆத்தூர் அக்காவின் நாலாம் நாள் படத்தைப் பார்த்துப் பார்த்து எழுத்தில் எழுதினேன், வீக்கம் கட்டைவிரல் நகம் அளவு, தோல் மினுமினுக்கும், தையல் ஓரம் லேசாகப் பழுப்பு என்று. கடைசியில் கேட்டேன்: "தொட்டுப் பாருங்க, சூடா இருக்குதுங்களா? செவந்திருக்கா? இருந்தா விடியற வரைக்கும் காத்திருக்காதீங்க."

மணி 12:25. இன்னும் பதில் வரவில்லை.