தறப்பாளின் மறுமுனை

கனடாவில், ஸ்காபரோவில் லொறி ஓட்டும் எங்கள் ஆட்களில் நான் அறிந்தவர்கள் பெரும்பாலும் பெட்டி, அதாவது நாற்புறமும் மூடிய ட்ரெயிலர், இழுப்பவர்கள். களஞ்சியத்தின் பின்கதவோடு ட்ரெயிலரை ஒட்டி நிறுத்தினால் போதும். ஏற்றுவதும் இறக்குவதும் அங்குள்ளவர்கள் பாடு. சாரதி கபினுக்குள் இருந்து தேநீர் குடிக்கலாம். நான் தட்டு ட்ரெயிலருக்குப் போகிறேன் என்றதும் மச்சான் சிரித்தார். "சுவரும் இல்லை, கூரையும் இல்லை. அதில் என்னத்தை ஏற்றப்போகிறாய்?" பெட்டிக்குள் அடங்காததெல்லாம் அதில்தான் போகிறது: உருக்குச் சுருள், மரம், குழாய், இயந்திரம். கிலோமீற்றருக்குச் சில சதங்கள் கூடுதலாகக் கிடைக்கும். அந்தச் சதங்களுக்காகச் சங்கிலி போடுவது, பட்டி இறுக்குவது, தறப்பாள் மூடுவது எல்லாம் சாரதியின் தலையில்.

ஒன்ராறியோவில் ட்ரெயிலர் லொறி ஓட்டுவதற்கான ஏ-இசட் உரிமத்துக்கு 2017 முதல் குறைந்தது 103.5 மணி நேரப் பயிற்சி கட்டாயம். நானும் படித்துத்தான் எடுத்தேன். ஆனால் ஹமில்ரனில் 20,000 கிலோ உருக்குச் சுருள் ஒன்றை முதன்முதலில் என் தட்டில் இறக்கியபோது, படித்த கணக்கு நினைவிருந்தது, கைதான் ஓடவில்லை. சுமையின் நிறையில் பாதியையாவது கட்டுகள் தாங்க வேண்டும் என்பது சட்டம். வழக்கமான சங்கிலி ஒன்று ஏறத்தாழ 3,000 கிலோ தாங்கும். ஆகவே குறைந்தது நான்கு. அதற்குமேல் ஒன்றோ இரண்டோ போடுவது உயிர்மேல் ஆசை உள்ளவர்களின் வழக்கம்.

பக்கத்தில் நின்ற லொறியிலிருந்து ஒரு பஞ்சாபிப் பெரியவர் இறங்கி வந்தார். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. சுருளைச் சுற்றி ஒருமுறை நடந்தார். சுருளின் நடுத் துவாரம் முன்னும் பின்னும் பார்த்திருந்தால் அதற்கு 'ஷாட்கன்' என்று பெயர். கட்டு விட்டால் சுருள் பக்கவாட்டில் உருண்டு அடுத்த வாகனத்தில் விழும். துவாரம் பக்கம் பார்த்திருந்தால் 'சூசைட்'. விட்டால் நேரே சாரதியின் முதுகுக்கு வரும். இதைச் சொல்லிவிட்டு, என் சங்கிலிகள் எந்தெந்தத் திசைக்கு இழுக்க வேண்டும் என்று கையால் காட்டினார். சங்கிலியை இறுக்கும் நெம்புகோல் பைண்டரை நான் பிடித்த விதத்தைப் பார்த்து, "முகத்தை அதற்கு நேரே வைக்காதே, கைப்பிடி தெறித்தால் தாடை போய்விடும்" என்றார். நன்றி பாஜி என்று நான் திரும்புவதற்குள் அவர் தன் லொறியில் ஏறிவிட்டார்.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் உதவினால் வீட்டுக்குக் கூப்பிட்டுத் தேநீராவது கொடுத்தால்தான் எங்களுக்கு மனம் ஆறும். இங்கே அதற்கு இடமே இல்லை. உதவியவரை மறுபடி காணப்போவதில்லை. இதற்குப் பழகவே எனக்குக் காலம் எடுத்தது. தேற்றும் சொல்லோ சிரிப்போ இல்லாமல், முகத்துக்கு நேரே "உன் மூன்றாவது பட்டி தளர்ந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போகிறவரும் உதவிதான் செய்கிறார் என்பது அதைவிடத் தாமதமாகவே பிடிபட்டது. புறப்பட்டு முதல் 80 கிலோமீற்றருக்குள் கட்டுகளை மறுபடி பார்க்க வேண்டும் என்பது விதி. அப்படி நிறுத்தும் இடங்களில் தன் சுமையைப் பார்க்க இறங்கியவர் அடுத்தவர் சுமையையும் ஒரு கண் பார்ப்பார். அவர் அதே தெருவில் உங்களுக்குப் பின்னால் வரப்போகிறவர். உங்கள் மரம் அவிழ்ந்தால் அவருடைய கண்ணாடியில்தான் விழும்.

தறப்பாள் வேறு கதை. 1995 யாழ்ப்பாணப் போர் இடப்பெயர்வில் தென்மராட்சியில் மாதக்கணக்காகத் தறப்பாளின் கீழ் இருந்தவன் நான். அதன் குணம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். மரச்சுமையை மூடும் தறப்பாளில் ஒரு துண்டே 40, 50 கிலோ இருக்கும். குளிரில் உறைந்தால் தகரம் போல் நிற்கும், மடங்காது. காற்று அடித்தால் ஆளையே சுமைமேல் இருந்து தூக்கி எறியும். ஒருவர் தனியாக மல்லுக்கட்டுவதைக் கண்டால் மற்றத் தட்டுச் சாரதிகள் கேட்காமலே வந்து மறுமுனையைப் பிடித்துக்கொள்வார்கள். கடைசி ரப்பர் பட்டி கொளுவப்படும்வரை பேச்சு இராது.

பேச்சுக்கு நேரம் கிடைப்பது தெரு மூடும்போதுதான். சுப்பீரியர் ஏரிக்கு வடக்கே 17ஆம் இலக்க நெடுஞ்சாலையைப் பனிப்புயலில் பொலிஸார் மறித்துவிட்டால், வாவாவிலோ வைட் ரிவரிலோ கிடக்க வேண்டியதுதான். சுற்றிப்போக நல்ல வழி கிடையாது. அப்படி வாவாவில் ஓர் இரவு, மனைவி கட்டித்தந்த புட்டையும் மீன்குழம்பையும் கபினில் சூடாக்கி நியூஃபண்ட்லாந்துக்காரர் ஒருவரோடும் சோமாலி இளைஞர் ஒருவரோடும் பகிர்ந்துகொண்டேன். குழம்பைத் தொடாத நியூஃபண்ட்லாந்துக்காரர் புட்டுக்குச் சீனி கேட்டார். கொடுத்தேன், எங்கள் அம்மம்மாவும் அப்படித்தான் சாப்பிடுவார்.

இப்போது இறங்கி வருபவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று பழைய சாரதிகள் குறைப்படுகிறார்கள். இளைஞர்களை மட்டும் நான் குற்றம் சொல்லமாட்டேன். 2023 முதல், ஓடும் நேரத்தைத் தானே பதியும் மின்பதிவுக் கருவி இல்லாமல் ஓடினால் தண்டம். ஒரு நாளில் 13 மணி நேரத்துக்குமேல் ஓட்ட முடியாது. வேலை தொடங்கி 16 மணி நேரம் கடந்தாலும் ஓட்ட முடியாது. சம்பளமோ ஓடிய தூரத்துக்குத்தான். அந்நியர் ஒருவரின் தறப்பாளைப் பிடிக்கும் அரை மணி நேரம் ஒருவர் தன் சட்டைப்பையிலிருந்து கொடுப்பது. நேரத்தை இப்படி இறுக்கிவிட்டு, சாரதிகளிடம் ஒற்றுமை போய்விட்டது என்று மேசையில் இருப்பவர்கள் கவலைப்படுவது எனக்கு எரிச்சலைத் தருகிறது.

பெட்டியிலிருந்து தட்டுக்கு மாறும் எங்கள் பிள்ளைகள் சிலர், "அண்ணை, உதவுகிற ஆட்களுக்கு என்ன கொடுக்க வேண்டும்?" என்று கேட்கிறார்கள். காசை நீட்டினால் கோபிப்பார்கள், நீட்டாதே என்கிறேன். ரப்பர் பட்டி ஐம்பது சேர்த்துக் கட்டாக விற்கும்; ஒரு கட்டு வாங்கிக் கபினில் வை. குளிரில் அவை அறுந்துகொண்டே இருக்கும், எல்லோருக்கும் எப்போதும் பத்து குறையும். அதைக் கொடுத்தால் மட்டும் மறுக்காமல் வாங்கிக்கொள்வார்கள்.