குழந்தை சொன்னா நம்புங்க
திடீர்னு மறுபடி படுக்கைய நனைக்கற குழந்தை, ஒருத்தர் வந்தாலே கதவுக்குப் பின்னாடி போய் ஒளியற குழந்தை, இதையெல்லாம் அடம்னு திட்டிடாதீங்க ப்ளீஸ், யாராவது பாலியல் தொல்லை குடுக்கறதோட அறிகுறியா இருக்கலாம், பக்கத்துல உக்காந்து மெதுவா கேளுங்க. தப்பு பண்ற ஆளு பெரும்பாலும் முன்பின் தெரியாதவன் இல்ல, வீட்ல எல்லாரும் நம்பற ஆளு, அதனாலதான் குழந்தையால வாயத் திறக்க முடியல, நினைச்சாலே எனக்கு மனசு பதறுது. அந்த பயமும் குற்ற உணர்ச்சியும் டிப்ரஷனா, தூக்கமில்லாத ராத்திரியா பலருக்கு முப்பது நாப்பது வயசு வரைக்கும் கூடவே வருது.

1989ல வந்த ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையோட 34வது பிரிவு, பாலியல் கொடுமைலேர்ந்து குழந்தைகள காப்பாத்தறது அரசாங்கத்தோட கடமைன்னு சொல்லுது. சரி, ஆனா முதல் காவல் வீடுதானே. உடம்பு உறுப்புக்கு சரியான பேர் சொல்லிக்குடுங்க, "மாமாக்கு முத்தம் குடு"ன்னு வற்புறுத்தாதீங்க. வந்து சொன்னா, "உன் மேல தப்பே இல்லடா, சொன்னது நல்லது"ன்னு அந்த நிமிஷமே சொல்லிடுங்க.