பழைய கிராஃப்டில் ஸ்டென்ட் வைக்கும் முன் ஃபில்டர் போடுங்கள்

பைபாஸ் முடிந்து பத்து, பன்னிரண்டு வருடம் ஆனவர்களுக்கு, காலில் இருந்து எடுத்து இதயத்தில் மாற்றுவழியாக வைத்த ரத்தக்குழாய், அதாவது கிராஃப்ட், அடைத்துக்கொண்டு ஆஞ்சியோபிளாஸ்டிக்கு வருவார்கள். அந்த அடைப்பைத் திறப்பது பெரிய வேலையே இல்லை. அதில் இருந்து உதிர்வது எங்கே போய்ச் சிக்கும் என்பதுதான் ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் கேத் லேபில் எங்கள் எல்லோருக்கும் கவலை.

பழைய கிராஃப்டில் படிந்த கொழுப்பு மிருதுவானது, மேல்மூடி மெல்லியது, பல சமயம் ரத்தக்கட்டியும் ஒட்டியிருக்கும். பலூனை ஊதியதும் அது பொடிந்து கீழே ஓடி நுண்குழாய்களை அடைத்துவிடும். திரையில் ஸ்டென்ட் நன்றாக விரிந்திருக்கும், ஆனால் குழாய் எக்ஸ்ரேயில் தெரிவதற்காக உள்ளே செலுத்திய டை நகராமல் அப்படியே நிற்கும், ஈசிஜி மாறும், பிரஷர் இறங்கும், நோயாளி நெஞ்சை அடைக்குது என்பார். ஓட்டத்தைத் திருப்ப அடினோசின், நைட்ரோபுருசைடு, வெராபமில் என்று மருந்துகளைக் குழாய்க்குள்ளேயே கொடுப்போம். எல்லோருக்கும் ஓட்டம் திரும்பிவிடுவதில்லை.

அதனால்தான் வருமுன் காக்க வேண்டும் என்கிறேன். 801 பேரிடம் நடத்தி 2002-ல் வெளியான சேஃபர் ஆய்வில், அடைப்புக்கு அப்பால் சின்ன பலூனை ஊதி ஓட்டத்தை நிறுத்தி, ஸ்டென்ட் வைத்து, துகள்களை உறிஞ்சி எடுத்த பிறகே பலூனைச் சுருக்கினார்கள். மரணம், மாரடைப்பு போன்ற பெரிய சிக்கல்கள் 30 நாட்களில் 16.5 சதவீதத்தில் இருந்து 9.6 ஆகக் குறைந்தன. அடுத்த வருடம் ஃபயர் ஆய்வில், ஓட்டத்தை நிறுத்தாமல் துகள்களை மட்டும் பிடிக்கும் குட்டிக் குடை போன்ற ஃபில்டரும் அதற்குக் குறைவில்லை என்று தெரிந்தது. வெளியே எடுத்த ஃபில்டரை சலைனில் அலசிப் பாருங்கள், மஞ்சள் மஞ்சளாக மிதக்கும்.

ரத்தக்கட்டியைத் தடுக்கும் ஊசி போதாதா என்று கேட்பார்கள். வருவதில் பெரும்பகுதி கொழுப்புத் துகள், அதை எந்த ஊசி கரைக்கும்?

எல்லா இடத்திலும் ஃபில்டர் முடியாதுதான். அதை விரிக்க அடைப்புக்கு அப்பால் கொஞ்சம் நல்ல குழாய் வேண்டும், கிராஃப்ட் இதயக்குழாயில் சேரும் இடத்திலேயே அடைப்பு என்றால் வழியில்லை. அப்போது முன்கூட்டி பலூன் ஊதாமல் நேரடியாக, குழாயின் அளவைவிடப் பெரிதாக இல்லாத ஸ்டென்ட் வைப்பது நல்லது. ஃபில்டர் போன்ற பாதுகாப்பு முடிந்தவரை கட்டாயம் என்று 2011 அமெரிக்க வழிகாட்டுதல் சொன்னதை, 2021-ல் தேர்ந்தெடுத்த சிலருக்கு நியாயமானது என்று தளர்த்திவிட்டார்கள். என் கருத்து, இடம் இருந்தால் போட்டுவிட வேண்டும்.

அதைவிட நல்ல வழி, முடிந்தால் கிராஃப்டைத் தொடாமல் சொந்த இதயக்குழாயையே திறப்பது. அதை முடிவுசெய்ய எந்தக் கிராஃப்ட் எங்கே சேர்கிறது என்று தெரிய வேண்டும், எனவே வரும்போது பழைய ஆபரேஷன் ரிப்போர்ட்டை மறக்காமல் கொண்டு வாருங்கள்.