சீனியர் சட்டமன்றத்துக்குப் போனபோது

2021 மார்ச்சில் எங்கள் சீனியர் வக்கீலுக்குச் சட்டமன்றத் தேர்தலில் சீட் கிடைத்தது. பட்டியலில் பெயர் வந்த இரவு அலுவலக வாசலில் வெடி போட்டார்கள். நான் உள்ளே உட்கார்ந்து நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மார்ச் 12 மனுத் தாக்கல் தொடக்கம், 19 கடைசி நாள், அதுவும் பகல் 11 மணி முதல் 3 மணி வரைதான். கையில் ஒரு வாரம்கூட இல்லை. "மனு வேலை முழுக்க நீயே பாத்துக்கோ, கட்சிக்காரங்ககிட்ட விடாதே" என்று சீனியர் சொல்லிவிட்டார்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு உட்பட்ட ஒரு சின்ன ஊர்க் கோர்ட்டில் ஏழு வருடமாக அவரிடம் ஜூனியராக இருந்தவன் நான். பிராது, எதிர்வாதவுரை, ஜாமீன் மனு எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தயார் செய்வேன். வேட்புமனு அதுவரை தொட்டதில்லை. இதே வேலை வேறு ஜூனியர்களின் மேஜைக்கும் என்றாவது வரும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மனுப் படிவம் 2பி ஒன்றும் பயப்படுகிற விஷயம் இல்லை. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளரை அந்தத் தொகுதி வாக்காளர் ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சை என்றால் பத்துப் பேர் வேண்டும். வைப்புத்தொகை 10,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5,000. இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி தரும் படிவம் ஏ, பி இரண்டும் கடைசி நாள் 3 மணிக்குள் போய்ச் சேர வேண்டும், கையெழுத்து மையில் இருக்க வேண்டும். தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு மனுத் தாக்கலுக்கு ஒரு நாள் முன்னாலாவது தொடங்கியிருக்க வேண்டும். சீனியருக்கு ஓட்டு பக்கத்துத் தொகுதியில் இருந்ததால் அந்த வாக்காளர் பட்டியலின் சான்றிட்ட நகலும் வாங்கினேன். ஒரே நாளில் இதெல்லாம் முடிந்தது.

படிவம் 26-தான் என் மூன்று நாள் தூக்கத்தைத் தின்றது. சொத்து, கடன், வருமானம், வழக்கு எல்லாவற்றையும் சொல்லும் பிரமாணப் பத்திரம் அது. ஐந்து வருட வருமான வரிக் கணக்கு, கணவன் மனைவி இருவருக்கும். சீனியர் வீட்டு அக்கா நகைகளைப் பவுனில் எழுதித் தந்தார்கள், நான் எட்டால் பெருக்கிக் கிராமில் எழுதினேன். அலுவலக அலமாரியில் அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து சேர்ந்த ஏ.ஐ.ஆர். தீர்ப்புத் தொகுதிகள் இருக்கின்றன. "புஸ்தகத்துக்கெல்லாமா விலை போடணும்?" என்று சீனியர் கேட்டார். போட்டோம். வர வேண்டிய பீஸ் பாக்கியைக்கூட எழுதினோம். ஒரு கட்டத்தையும் வெறுமனே விடக் கூடாது. இல்லாததற்கு 'இல்லை', சேராததற்குப் 'பொருந்தாது' என்றாவது எழுத வேண்டும். கட்டங்களை நிரப்பாமல் விட்டால், தேர்தல் அலுவலர் சுட்டிக்காட்டிய பிறகும் நிரப்பாவிட்டால், மனுவைத் தள்ளலாம் என்று 2013-இல் ரிசர்ஜென்ஸ் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அப்புறம் வழக்குக் கட்டத்துக்கு வந்தேன்.

"சார், உங்க மேல கேஸ் எத்தனை இருக்கு?"

"என் மேல ஏதுப்பா கேஸ்? மறியல் கேஸ் ஒண்ணு போட்டாங்க. அது செத்துப் போயிருக்கும்."

2009 பிப்ரவரி 19 அன்று சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் போலீஸ் புகுந்து வழக்கறிஞர்களை அடித்தது. அதைக் கண்டித்துத் தமிழ்நாடு முழுக்கக் கோர்ட் புறக்கணிப்பு நடந்தது. எங்கள் ஊரிலும் வக்கீல்கள் சாலையில் உட்கார்ந்தார்கள், வழக்குப் பதிவானது. அதற்கு மேல் சீனியருக்கு எதுவும் நினைவில் இல்லை. எந்தத் தேதி, என்ன எண், என்ன பிரிவு, எதுவும் தெரியாது. படிவமோ முதல் தகவல் அறிக்கை எண், காவல் நிலையத்தின் பெயர், முகவரி, சட்டப் பிரிவு, குற்றத்தின் சுருக்கம் அத்தனையும் கேட்கிறது.

ஸ்டேஷனில் கேட்டால் அந்த வருடத்துப் பதிவேடு இல்லை என்றார்கள். எஃப்.ஐ.ஆர். மூலப்பிரதி மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குத்தானே போயிருக்கும்! நகல் மனு போட்டுவிட்டு, எங்கள் குமாஸ்தாவையும் அழைத்துக்கொண்டு போனேன். முப்பது வருடம் சீனியரோடு இருப்பவர், எல்லாரையும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். அன்று சாயங்காலம் கோர்ட் கட்டுகளுக்கு நடுவிலிருந்து அந்த எஃப்.ஐ.ஆர். வந்தது. இந்திய தண்டனைச் சட்டம் 143, 341, 188: சட்டவிரோதமாகக் கூடியது, வழிமறித்தது, அரசு ஊழியரின் உத்தரவை மீறியது. முதல் பெயரே சீனியர் பெயர். குற்றப்பத்திரிகை இல்லை, வழக்கை முடித்துவைத்த அறிக்கையும் இல்லை.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ராத்திரி பத்து மணிக்குக் குமாஸ்தா போன் செய்தார். "தம்பி, 2016 டைரிய புரட்டிட்டு இருக்கேன். ஜூலையில ஒரு நாள் 'ஐயா மண்டபத்தில்'னு எழுதி வச்சிருக்கேன்." வழக்கறிஞர்கள் மீது நடவடிக்கை எடுக்க உயர் நீதிமன்றம் புது விதிகள் கொண்டுவந்து, அதை எதிர்த்துப் போராட்டம் நடந்த வருடம் அது. அன்று எல்லாரையும் பிடித்துக் கல்யாண மண்டபத்தில் வைத்து, சாயங்காலம் விட்டார்கள். சாப்பாடு போட்டு அனுப்பினார்கள், கேஸ் போட்டார்கள் என்றே சீனியருக்குத் தெரியாது. மறுநாள் அந்தத் தேதியை வைத்துத் தேடினோம். இன்னொரு எஃப்.ஐ.ஆர். ஒன்பதாவது பெயர் அவருடையது.

அந்த டைரி இல்லாவிட்டால் இரண்டாவது வழக்கு எங்கள் கண்ணில் பட்டிருக்காது. குமாஸ்தாவுக்கு நான் பட்ட கடன் அது.

அன்று இரவு அலுவலகத்தில் பெரிய வாக்குவாதம். இன்னொரு மூத்த வக்கீல், சீனியரின் நண்பர், எழுத வேண்டியதில்லை என்றார். அவர் சொன்னதிலும் சட்டம் இருந்தது. மூன்று பிரிவிலும் ஆறு மாதத்துக்கு மேல் தண்டனை கிடையாது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 468-இன்படி ஒரு வருடத்துக்குள் கோர்ட் வழக்கைக் கோப்பில் எடுத்திருக்க வேண்டும். 188-க்குப் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடவே முடியாது என்று 2018-இல் ஜீவானந்தம் வழக்கில் மதுரைக் கிளையே தீர்ப்புச் சொல்லிவிட்டது. செத்த வழக்கை எதற்காகத் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டுக் கேட்கப் போக வேண்டும் என்றார்.

எழுதியே ஆக வேண்டும் என்றேன் நான். ரத்தாகக்கூடிய எஃப்.ஐ.ஆர். வேறு, ரத்தான எஃப்.ஐ.ஆர். வேறு. எந்தக் கோர்ட்டும் ரத்து செய்யாதவரை அது நிலுவையில்தான் இருக்கிறது. மறைத்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ-இன்படி ஆறு மாதம் வரை சிறை. அதைவிடப் பெரியது தேக்கம்பட்டி வழக்கு. கோவை மாவட்டம் தேக்கம்பட்டி ஊராட்சித் தலைவர் தேர்தலில் ஒருவர் தன்மேல் இருந்த வழக்குகளை முழுதாகச் சொல்லவில்லை. கிருஷ்ணமூர்த்தி எதிர் சிவகுமார் என்று உச்ச நீதிமன்றம் வரை போய், அப்படி மறைப்பது வாக்காளரின் சுதந்திரத்தில் தலையிடுவது, முறைகேடான தேர்தல் நடத்தை என்று 2015-இல் தீர்ப்பானது. ஊராட்சித் தேர்தலுக்கே அந்த அளவு. ஜெயித்த 45 நாளுக்குள் அந்தத் தேர்தலின் வேட்பாளரோ தொகுதி வாக்காளரோ யார் வேண்டுமானாலும் இதை வைத்து உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடலாம்.

நான் சொன்ன இன்னொன்றுக்குத் தீர்ப்பு எதுவும் மேற்கோள் கிடையாது. வக்கீலாக இருப்பவன் எந்தக் கட்டத்துக்கும் 'தேவையில்லை' என்று ஒரு வாதம் கண்டுபிடித்துவிடுவான். ஓட்டுப் போடுகிறவருக்கு அந்த வாதம் தெரியாது, அவருக்குக் காகிதம் மட்டும்தான் தெரியும்.

சீனியர் ரொம்ப நேரம் பேசவில்லை. கடைசியில், "உட்கார்ந்தது நான்தானே? எழுது" என்றார்.

எழுதினால் கூடவே ஒரு வலியும் வரும். வழக்கு நிலுவையில் உள்ள வேட்பாளர் அதை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரம் செய்ய வேண்டும் என்று 2018 முதல் விதி இருக்கிறது. 2021-இல் மனு வாபஸ் பெறும் நாளுக்குப் பிறகு முதல் நான்கு நாளில் ஒன்று, ஐந்திலிருந்து எட்டுக்குள் ஒன்று, ஒன்பதாம் நாள் முதல் பிரசாரம் முடிவதற்குள் ஒன்று. விளம்பரத்தில் குற்ற வழக்குகள் என்று வரும். சக வக்கீல் அடிபட்டதற்காகச் சாலையில் உட்கார்ந்த மனிதர் பெயருக்கு மேலே அந்த வார்த்தையைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. கொலை வழக்கையும் மறியல் வழக்கையும் ஒரே படிவத்தில் போட வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் எது எது என்று பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது வாக்காளர். பிரிவுகளையும் என்ன நடந்தது என்பதையும் தெளிவாக எழுதி அனுப்பினோம்.

மனுத் தாக்கல் நாளில் கொரோனா கட்டுப்பாடு. வேட்பாளரோடு இரண்டு பேருக்கு மட்டும் அனுமதி. முன்மொழிபவரும் நானும் போனோம். மனுவைக் கொடுத்த கையோடு தேர்தல் அலுவலர் முன்னால் அரசமைப்புச் சட்டத்தின்மேல் உறுதிமொழி எடுத்துவிட வேண்டும், பரிசீலனை நாள் வரை தள்ளினால் மனு போய்விடும். மறுநாள் பரிசீலனையில் எதிர்த்தரப்பு முகவர் ஒரு ஆட்சேபணை எழுப்பினார்: கோர்ட் வழக்கு எண் கட்டத்தில் 'பொருந்தாது' என்று இருக்கிறதே, இது மறைப்பு இல்லையா? எஃப்.ஐ.ஆர். நகல் இரண்டையும் எடுத்து வைத்தேன். கோர்ட் கோப்பில் எடுக்காத வழக்குக்கு எண் எப்படி இருக்கும்? இரண்டே நிமிடத்தில் ஆட்சேபணை தள்ளப்பட்டது. இரண்டாவது எஃப்.ஐ.ஆர். படிவத்தில் இல்லாமல் அந்த முகவர் கையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன்.

ஏப்ரல் 6 வாக்குப்பதிவு, மே 2 முடிவு. சீனியர் ஜெயித்தார். செலவுக் கணக்கை 30 நாளுக்குள் கொடுத்தோம். மே 11 அன்று சென்னைக் கலைவாணர் அரங்கத்தில் அவர் பதவியேற்றதை நாங்கள் அலுவலகத்தில் டிவியில் பார்த்தோம்.

அடுத்த வேலை ஆரம்பித்தது. இருநூறுக்கு மேல் நடப்பு வழக்குகள் அவர் வக்காலத்தில் இருந்தன. எம்.எல்.ஏ. ஆனால் வக்கீல் தொழில் பார்க்கலாமா என்று கட்சிக்காரர்களைவிட வழக்காடிகள்தான் அதிகம் கேட்டார்கள். பார்க்கலாம். முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி 49. எம்.எல்.ஏ.வுக்கு அப்போது மாதம் 1,05,000 ரூபாய் வந்தாலும் அவர் யாருக்கும் ஊழியர் இல்லை, தடை செய்யும் விதி எதுவும் இல்லை என்று அஸ்வினி குமார் உபாத்யாய் வழக்கில் 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இங்கேயும் சீனியர் 'பார்க்கலாம்' என்பதோடு நிற்கவில்லை. தொகுதிக்குள் இருக்கிற ஸ்டேஷன் சம்பந்தப்பட்ட எந்த கிரிமினல் வழக்கிலும், அரசு ஒரு தரப்பாக உள்ள எந்த வழக்கிலும் தன் பெயர் இருக்கக் கூடாது என்றார். எனக்கு அது மிகப் பெரிய விஷயமாகப் பட்டது. இன்ஸ்பெக்டரைக் குறுக்கு விசாரணை செய்கிற வக்கீலே நாளைக்கு ஆய்வுக் கூட்டத்தில் எதிரே உட்கார்ந்தால் அந்த இன்ஸ்பெக்டர் என்ன சாட்சி சொல்வார்?

வக்காலத்து மாற்றம் சும்மா நடக்காது. வழக்காடியின் சம்மதம், பழைய வக்கீலின் ஒப்புதல், கோர்ட் அனுமதி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஓடினேன். ஊரடங்கு வேறு. பெரும்பாலானவர்கள் கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். சிலர் வேறு வக்கீலிடம் போனார்கள், அது அவர்கள் உரிமை. பாகப் பிரிவினை வழக்குப் போட்டிருந்த ஒரு பாட்டி மட்டும் மாட்டேன் என்றார். "நான் வக்கீலுக்குத்தான் கைநாட்டு வச்சேன். எம்.எல்.ஏ.வுக்கு வைக்கல. அவரையே வரச் சொல்லு."

எஃப்.ஐ.ஆர். விஷயத்தில் அரசிடம் சொல்லி வாபஸ் வாங்கிவிடலாம் என்று கட்சியில் பேசினார்கள். 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், எம்.பி., எம்.எல்.ஏ. மீதான வழக்குகளை உயர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் திரும்பப் பெறக் கூடாது என்று உத்தரவிட்டது. அதுவும் அதே அஸ்வினி குமார் உபாத்யாய் போட்ட வழக்குதான். நாங்கள் எஃப்.ஐ.ஆர்.களை ரத்து செய்யக் கேட்டு, அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 482-இல் மதுரைக் கிளைக்குப் போனோம். அடுத்த வருடம் இரண்டும் ரத்தாயின. உத்தரவு நகலை டைரியோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார் குமாஸ்தா.

பாட்டியின் வழக்கு இறுதி வாதத்துக்கு வந்தபோது சட்டமன்றக் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து சீனியரே வந்தார். கூட வந்தவர்களை கோர்ட் வளாகத்துக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, பழைய கருப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு தனியாக நடந்து வந்தார். நாற்பது நிமிடம் வாதாடினார். தீர்ப்புக்கு ஒத்திவைத்தார்கள். வெளியே வராந்தாவில் பாட்டி அவரை நிறுத்தி, இடுப்பு முடிச்சிலிருந்து பீஸ் பாக்கியை எடுத்து எண்ணி அவர் கையில் கொடுத்தார். சீனியர் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "ரசீது போட்டுக் குடு" என்றார்.