ஸ்கிரீன்ஷாட்டின் ஓரங்கள்

கணினி உதவிப் பிரிவில் வேலை பார்க்கிறவர்களுக்கு "வேலை செய்யல, உடனே பாருங்க" என்று ஒற்றை வரியில் வரும் மெயிலைவிட எரிச்சலூட்டுவது வேறில்லை. கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட் இருந்தால் பாதி நிம்மதி. பாதிதான், ஏனென்றால் எங்களுக்கு வேண்டியதைத்தான் பெரும்பாலும் வெட்டிவிட்டு அனுப்பியிருப்பார்கள்.

வெட்டுகிறவர் நல்லெண்ணத்தில்தான் வெட்டுகிறார். பிழைச் செய்தி வந்த சின்னப் பெட்டியை மட்டும் சுத்தமாகச் சதுரம் கட்டி எடுப்பார். ஒரு பணியாளர் அப்படித்தான் அனுப்பியிருந்தார்: தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் (தளம் அசல்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் அடையாளச் சீட்டு) செல்லாது என்ற எச்சரிக்கை, எந்தத் தளத்தைத் திறந்தாலும் அதேதான் என்ற குறிப்போடு. பெட்டியை மட்டும் பார்த்தால் நெட்வொர்க்கா, பிரவுசரா, வைரஸா என்று ஆளுக்கொரு ஊகம் சொல்லலாம். "முழுத் திரையையும் எடுத்து அனுப்புங்க சார்" என்றேன். வந்த படத்தில் வலது கீழ் மூலையில் தேதி பல வருடம் பின்னால் இருந்தது. சான்றிதழ்களுக்குத் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. லேப்டாப் பழைய வருடத்திலேயே நின்றுவிட்டால், இன்று புழக்கத்தில் இருக்கும் சான்றிதழ்கள் எல்லாம் அதன் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. தேதியைச் சரிசெய்ததும் எல்லாத் தளமும் திறந்தன. (மறுநாள் தேதி மறுபடி பின்னால் போனது. மதர்போர்டில் இருக்கும் குட்டி பேட்டரி தீர்ந்திருந்தது.)

அதிலிருந்து படம் எது வந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஓரங்களைத்தான். மேலே முகவரிப் பட்டையில் எழுத்துப் பிழை இருக்கிறதா, எந்தக் கணக்கில் உள்ளே நுழைந்திருக்கிறார், கீழே வைஃபை குறி உயிரோடு இருக்கிறதா, விபிஎன் (இணையத் தொடர்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் இணைப்பு) ஓடுகிறதா. நடுவில் உள்ள பெட்டி என்ன நடந்தது என்று சொல்லும். ஏன் நடந்தது என்பது பெரும்பாலும் ஓரத்தில்தான் கிடக்கும்.

எடுப்பது எப்படி என்பதில் பெரிய வித்தை இல்லை. விண்டோஸில் பிரிண்ட் ஸ்கிரீன் கீயை அழுத்திவிட்டு "ஒண்ணுமே நடக்கலையே" என்பார்கள். காப்பி செய்தவை தற்காலிகமாகத் தங்கும் கிளிப்போர்டில் படம் காத்திருக்கும், மெயிலில் ஒட்டினால் வந்துவிடும். புதிய விண்டோஸ் 11இல் அதே கீ, திரையைப் படம் எடுக்கவும் வெட்டவும் உதவும் ஸ்னிப்பிங் டூலைத் திறக்கிறது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் ஷிப்டோடு சேர்த்து அழுத்தினால் திரையில் உள்ள எழுத்துகள் நிஜமாகவே பிரிண்டரில் அச்சாகும். அப்போது ஒன்றும் நடக்கவில்லை என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. இன்றைய விண்டோஸில் பிரிண்ட் ஸ்கிரீனை விண்டோஸ் கீயோடு சேர்த்து அழுத்தினால் பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் கோப்பாகவே சேமித்துவிடும். சில லேப்டாப்களில் கூடவே எஃப்என் கீயும் வேண்டும்.

நான் எல்லோருக்கும் சொல்வது ஆல்ட் கீயையும் பிரிண்ட் ஸ்கிரீனையும் சேர்த்து அழுத்தச் சொல்லித்தான். அப்போது முன்னால் இருக்கும் விண்டோ மட்டும், தலைப்புப் பட்டையோடு முழுதாக வரும். மேக்கில் கமாண்ட், ஷிப்ட், 4 அழுத்தி, அப்புறம் ஸ்பேஸ் பாரைத் தட்டி விண்டோவைக் கிளிக் செய்தால் அதேதான். கடிகாரம் வராது, உண்மை. அது தேவைப்பட்டால் நாங்களே கேட்டுக்கொள்வோம்.

எல்லா நேரமும் முழுத் திரையைக் கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. எங்களுக்கு உதவும் அதே ஓரங்கள் மற்றவர்களுக்கும் கதை சொல்லும். முப்பது பேர் இருக்கும் குழுவில் ஒரு எக்செல் அட்டவணையின் படத்தைப் போட்டார் ஒருவர். அட்டவணையை யாரும் பார்க்கவில்லை. பின்னால் பாதி திறந்திருந்த சாட் விண்டோவில் குழுவில் இருந்த இன்னொருவரைப் பற்றி அவர் எழுதியிருந்த வரியைத்தான் எல்லோரும் படித்தார்கள். படத்தை நீக்கினார்தான், ஆனால் அதற்குள் அது எத்தனை போன்களில் இறங்கியிருந்ததோ.

சரி, வெட்டிவிட்டால் போய்விடுமா என்றால், அதுவும் உறுதியில்லை. வேர்டில் படத்தை ஒட்டி அங்கேயே கிராப் செய்தால் வெட்டிய பகுதி கண்ணுக்குத்தான் மறைகிறது. கோப்பைப் பெறுகிறவர் கிராப்பை மறுபடி திறந்து இழுத்தால் முழுப் படமும் வந்துவிடும். இதைவிட மோசமானது 2023 மார்ச்சில் தெரியவந்தது. விண்டோஸ் 11இன் ஸ்னிப்பிங் டூலில், சேமித்த படத்தைத் திறந்து வெட்டி அதே கோப்பின் மேலேயே சேமித்தால், சின்னப் படம் கோப்பின் முன்பகுதியில் எழுதப்படும், பழைய படத்தின் வால்பகுதி அழியாமல் பின்னால் தங்கிவிடும். அதிலிருந்து வெட்டியதில் ஒரு பகுதியை மீட்டெடுக்க முடிந்தது. கூகுளின் பிக்சல் போன்களில் படத்தைத் திருத்த உதவும் மார்க்அப் கருவியிலும் இதே ஓட்டை இருந்தது. இரண்டையும் அந்தந்த நிறுவனம் அடைத்துவிட்டது. ஆனாலும் நான் வெட்டிய படத்தைப் புதிய பெயரில்தான் சேமிக்கிறேன். மறைக்க வேண்டிய எண்களை மங்கலாக்குவதும் இல்லை, கறுப்புக் கட்டம்தான். சின்னச் சின்னச் சதுரங்களாகச் சிதைத்து மங்கலாக்கிய எழுத்தை ஊகித்து எடுக்கும் நிரல்கள் இருக்கின்றன.

இன்னொன்று, இது கெஞ்சலாகவே இருக்கட்டும்: பிழை எண்ணையும் இணைய முகவரியையும் படமாக மட்டும் அனுப்பாதீர்கள், எழுத்தாகவும் ஒரு வரி ஒட்டுங்கள். நாற்பது இலக்கத்தைப் படம் பார்த்துத் தட்டச்சு செய்வது தண்டனை. பார்வையற்ற சக ஊழியருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானுக்கோ, விளக்கம் சேர்க்காத படம் வெறும் 'படம்'தான். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமெண்ட்டாக அனுப்பினால் எழுத்து மசங்காது.

லேப்டாப் திரையைப் போனில் படம் பிடித்து அனுப்புகிறவர்களை எங்கள் பிரிவிலேயே கிண்டல் செய்வார்கள். நான் செய்வதில்லை. லேப்டாப் பூட் ஆகும்போதே நின்றுவிட்டாலோ, விண்டோஸ் விழுந்து நீலத் திரை (புதிய விண்டோஸ் 11இல் கறுப்புத் திரை) காட்டினாலோ எந்தக் கீயும் உதவாது. அப்போது அந்தச் சாய்ந்த, கோடு கோடாக வரி ஓடும் போன் படம் ஒன்றுதான் சாட்சி. அடியில் இருக்கும் ஸ்டாப் கோட் (விண்டோஸ் ஏன் விழுந்தது என்று சொல்லும் பிழைக் குறி) மட்டும் விரலுக்குப் பின்னால் மறையாமல் இருந்தால் போதும்.