துச்சாதனன் முகத்தில் ஐந்து பட்டைகள்

செய்யாறு பக்கத்து ஊர் ஒன்றில் திரௌபதி அம்மன் திருவிழா. மூன்று இரவு விழித்திருந்து கூத்தைப் படம் எடுத்தேன். முதல் இரவு முழுக்கக் குப்பை, இரண்டாம் இரவில் பாதி குப்பை. மூன்றாம் இரவு கர்ண மோட்சத்தில், அதிகாலை மூன்றரை மணிக்கு, கர்ணன் கிறிக்கி அடித்துச் சுழன்று நின்ற நொடி கிடைத்தது. கிரீடத்துக் கண்ணாடிச் சில்லுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் தனித்தனியாக மின்னுகின்றன. நெற்றியில் வைத்த வெள்ளைப் புள்ளிகளை எண்ணலாம். லென்சுத் திறப்பு எஃப் 2, ஷட்டர் நொடியில் 1/400, ஒளியுணர்வு ஐ.எஸ்.ஓ. 6400. கணினியில் ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரு மடங்கு, ஏற்றினேன். இதைப் பெருமையடித்துக்கொள்ளத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் முதல் இரவைச் சொல்லாமல் இது விளங்காது.

முதல் இரவு திரௌபதியின் துகிலுரியும் துகில் கூத்து. திரை விலகித் துச்சாதனன் வந்ததும் தொடர்ச்சியாக நாற்பது படம் அடித்தேன். கேமராவின் சிறு திரையில் சரியாகத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், படத்தின் குறுக்கே கிடைமட்டமாக இருண்ட பட்டைகள். எண்ணினேன்: ஐந்து. எல்லாப் படத்திலும் ஐந்துதான், இடம் மட்டும் மாறுகிறது. ஒன்றில் மீசை மேல், இன்னொன்றில் கண் மேல். செம்பூச்சு பூசிய முகத்தில் அது புது வேடம் போலவே இருந்தது.

காரணம் என் மறதி. முந்தைய மாதம் ஒரு வீணைக் கச்சேரிக்காகச் சத்தமில்லாத ஷட்டரைப் போட்டிருந்தேன். அதை மாற்றவே இல்லை. மத்தளமும் முகவீணையும் ஊரையே எழுப்பும் இடத்தில் ஷட்டர் சத்தம் யார் காதில் விழப் போகிறது? அந்த முறையில் சென்சார் படத்தை வரி வரியாகத்தான் படிக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்.இ.டி. விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஐந்து பட்டை என்றால் ஐந்து துடிப்பு. அப்படியானால் என் நிக்கான் இசட் 6 ஒரு படத்தை மேலிருந்து கீழ்வரை படித்து முடிக்க நொடியில் இருபதில் ஒரு பங்கு எடுக்கிறது. துச்சாதனன் முகத்தை வைத்தே சென்சாரின் வேகத்தை அளந்துவிட்டேன் என்பதுதான் அன்றைய ஒரே லாபம்.

இரண்டாம் இரவு சத்தமுள்ள ஷட்டருக்கு மாறினேன். பட்டைகள் போயின, தொல்லை போகவில்லை. 1/400-இல் ஆறு படம் தொடர்ந்து எடுத்தால் ஒன்று வெளிச்சம், ஒன்று இருட்டு, ஒன்றில் மேல்பாதி மட்டும் மஞ்சள். ஒரு துடிப்பு நொடியில் நூறில் ஒரு பங்கு நீளம். அதில் கால் பங்கை மட்டும் கிள்ளி எடுத்தால், அந்தக் கால் பங்கு எங்கே விழுகிறதோ அதுதான் வெளிச்சம். 1/100-க்கு இறங்கினால் துடிப்பு முழுசாக உள்ளே வந்துவிடும், எல்லாப் படமும் ஒரே அளவில் இருக்கும். ஆனால் கூத்துக்காரர் சுழலும்போது 1/100 எதற்கு ஆகும்? புஜக்கட்டையும் பாவாடையும் பஞ்சு மிட்டாய் மாதிரி ஆகிவிடுகின்றன. வசனம் பேசும் இடத்துக்கு 1/100, ஆட்டத்துக்கு வேறு வழி என்று பிரித்துக்கொள்ள எனக்கு ஓர் இரவு முழுக்கச் செலவாயிற்று.

அந்த வேறு வழி கேமராவுக்குள்ளேயே இத்தனை நாள் தூங்கிக்கொண்டிருந்தது: மெனுவில் இருக்கும் ஃபிளிக்கர் குறைப்பு, அதாவது விளக்குத் துடிப்பைச் சமாளிக்கும் வசதி. அதைப் போட்டால் நாம் பொத்தானை அழுத்தினாலும் கேமரா விளக்கு உச்சிக்கு வரும்வரை ஒரு கணம் காத்திருந்து அடிக்கும். சத்தமில்லாத ஷட்டரோடு இது வேலை செய்யாது; அதனால்தான் மெனுவில் மங்கிக் கிடந்த அந்த வரியை இத்தனை நாள் நான் திரும்பிப் பார்க்கவில்லை. தொடர்படத்தின் வேகம் கொஞ்சம் குறையும், குறைந்துவிட்டுப் போகட்டும். துடிப்பின் உச்சியில் எடுப்பதால் வெளிச்சமும் கூடுதலாகக் கிடைக்கிறது.

ஆனால் இது மின்வாரிய மின்சாரம் இருக்கும்வரைதான். இரண்டு மணி வாக்கில் மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் படங்கள் மறுபடியும் ஏறி இறங்கத் தொடங்கின. ஜெனரேட்டர் சரியாக 50-இல் நிற்பதில்லை. பாரம் ஏறினால் இறங்குகிறது, குறைந்தால் ஏறுகிறது. கேமரா 100 துடிப்பையோ 120 துடிப்பையோ எதிர்பார்த்து நிற்கிறது, இரண்டுக்கும் நடுவில் வந்தால் தடுமாறுகிறது. அந்த ஒரு மணி நேரமும் 1/100-இலேயே ஓட்டி, ஆட்டக்காரர் கால் ஊன்றி நிற்கும் இடங்களை மட்டும் எடுத்தேன். இப்போதெல்லாம் கூத்து தொடங்குமுன் கைப்பேசியில் மெதுவேக வீடியோ போட்டு ஒவ்வொரு விளக்கையும் பார்த்துவிடுகிறேன். நொடிக்கு 240 படம் எடுக்கும்போது துடிக்கிற விளக்கு தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். அந்த ஊரில் நான்கு விளக்கில் ஒன்று துடிக்காத வகை. மூன்றாம் இரவு அதன் பக்கமாகவே உட்கார்ந்தேன்.

ஒப்பனை அறையில் கூத்து வாத்தியாரிடம் இந்தப் புலம்பலைச் சொன்னேன். பெட்ரோமாக்ஸ் காலத்தில் இந்த வம்பே கிடையாது தம்பி என்றார். உண்மைதான், அந்த வெளிச்சம் மின்சாரத்தோடு துடிக்காது. ஆனால் அந்த வெளிச்சத்தில் படமெடுக்க ஐ.எஸ்.ஓ. எந்த உயரத்துக்குப் போக வேண்டுமோ!

ஐ.எஸ்.ஓ. பற்றிய பயமும் இந்த மூன்று இரவுகளில்தான் கழன்றது. நான் நிக்கான் டி90-இல் கற்றுக்கொண்டவன். 2008-இல் வந்த அந்தக் கேமராவில் 1600-ஐத் தாண்டினால் குற்றம் செய்தது போல இருக்கும். அந்தப் பழக்கத்தில் 3200-ஐத் தாண்டாமல் ஷட்டரைக் குறைத்துக் குறைத்து எத்தனை படத்தைக் குலைத்திருக்கிறேன்! படத்தில் மணல் தூவியது போல் தெரிவதற்குக் காரணம் சென்சாரில் விழும் ஒளி குறைவு. ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டியது அல்ல. இந்தக் கேமராவின் சென்சார் ஐ.எஸ்.ஓ. 800-இல் சமிக்ஞையைப் பெருக்கும் அளவை மாற்றிக்கொள்கிறது. அதற்கு மேல், அபெர்ச்சரும் (லென்சுத் திறப்பு) ஷட்டரும் மாறாதவரை, 12800-இல் எடுத்ததும் 6400-இல் எடுத்து, கேமரா பதப்படுத்தாமல் தரும் ரா கோப்பில் ஒரு ஸ்டாப் ஏற்றியதும் என் கண்ணுக்கு ஒன்றுதான். பக்கத்தில் பக்கத்தில் வைத்து 200 விழுக்காடு பெரிதாக்கியும் பார்த்துவிட்டேன். ஆனால் 6400-இல் எடுத்தால் கிரீடத்துக் கண்ணாடிக்கும் செம்பூச்சுக்கும் ஒரு ஸ்டாப் இடம் மிஞ்சுகிறது. இல்லையென்றால் அந்தச் சிவப்பு வெந்து, முகம் தக்காளியாகிவிடும்.

படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் 2023-இல் வந்த, அந்த மணலை அகற்றும் ஏ.ஐ. இரைச்சல் நீக்கியை எல்லாரும் கொண்டாடுகிறார்கள். நானும் கர்ணன் மேல் ஓடவிட்டேன். தானாக வரும் 50 என்ற அளவில் விட்டால் ஒப்பனைப் புள்ளிகளை அழுக்கு என்று எண்ணி மழித்துவிடுகிறது. இரவெல்லாம் வியர்த்து ஒப்பனை வெடித்த கன்னம் மெழுகாகிவிட்டது. 25-இல் நிறுத்தினேன். என் பழைய கணினிக்கு ஒரு படத்துக்கு ஆறு நிமிடம். அந்த நேரத்தில் ஒரு டீ போட்டுக் குடித்துவிடலாம். இன்னும் 1,100 படம் பிரிக்கவே இல்லை, அத்தனைக்கும் டீ குடித்தால் நான் தாங்க மாட்டேன்.

என் 85 மி.மீ. எஃப் 1.8 லென்சு போதாது, இன்னும் கொஞ்சம் எட்ட வேண்டும் என்று பட்டதால், கையால் குவியம் திருப்பும் பழைய 105 மி.மீ. எஃப் 2.5 லென்சு ஒன்றை சென்னையில் வாங்கினேன். பூஞ்சை இல்லை என்று விற்றவர் அடித்துச் சொன்னார். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சிலந்தி வலை. திருப்பித் தருவாரா என்று தெரியவில்லை. வாங்குமுன் நானே டார்ச் கொண்டுபோயிருக்க வேண்டும். கர்ணனைப் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் மேட் தாளில் அச்சடித்து வாத்தியாருக்குக் கொடுக்க நினைத்திருக்கிறேன். அச்சில் அந்த மணலில் பாதி கண்ணுக்கே தெரியாது. தாள் வந்துவிட்டது, மேசை மேல் பிரிக்காமல் இருக்கிறது. முதலில் அந்த 1,100-ஐ முடிக்க வேண்டும். நேற்று எண்பது பிரித்தேன், அதில் எழுபதில் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் கண்ணை மூடியிருக்கிறான்.