நிறை குறைந்தது, அடியும் குறைந்தது

பத்து ஆண்டுகளுக்கு மேலாக ஸ்காபரோவில் ஓர் உள்ளரங்கப் பேஸ்போல் பயிற்சிக்கூடத்தில் வேலை செய்கிறேன். விளையாட வருபவர்களின் உடலைத் தயார்ப்படுத்துவது என் பொறுப்பு. எவ்வளவு பாரம் தூக்கலாம், எப்படி ஓடிப் பழகலாம், காயம் ஆறியபின் என்றைக்கு மட்டையைத் தொடலாம் என்பதையெல்லாம் நான் சொல்வேன். மட்டை வீசும் முறையைத் திருத்த வேறொரு பயிற்றுநர் இருக்கிறார். நவம்பரில் வெளித்திடல்கள் உறைந்துவிட்டால் எங்கள் கூடத்தில் நிற்க இடமிருக்காது. வலைக்கூண்டுகளுக்குள் விடிந்ததிலிருந்து இரவு வரை பந்து மட்டையில் மோதும் சத்தம்தான்.

2021 நவம்பரில் ஒரு தமிழ்ப் பொடியன் தாயுடன் வந்தான். 19 வயது, ஆறடி இரண்டங்குலம், 258 இறாத்தல். 2019 கோடையில் அவனுடைய வயதுப் பிரிவில் ஹோம் ரன் அடிப்பதில் பெயர் எடுத்தவன். (கிறிக்கெட்டில் சிக்ஸ் போல, பந்தை வேலிக்கு மேலால் அனுப்பும் அடி அது.) கொரோனாவால் 2020 வீட்டோடு போயிற்று. 2021இல் திரும்பி வந்தபோது உடம்பு வைத்திருந்தது. பந்து மட்டையில் சரியாகப் படவில்லை. அவனுடைய பேஸ்போல் கழகத்தில் கொடுத்துவிட்ட தாளில் ஒரே ஒரு வரி இருந்தது: மார்ச்சுக்குள் 30 இறாத்தல் குறைய வேண்டும்.

தாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தங்கச்சி, எப்பிடியாவது இவன்ர நிறையைக் குறைச்சு விடுங்கோ. பிள்ளை நல்லாச் சோர்ந்து போனான்." அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த நேரத்தில் ரொறன்ரோவில் இருந்த எவருக்கும் அந்த ஒரு வரி நியாயமாகத்தான் பட்டிருக்கும். எங்கள் ஊர் அணியான ப்ளூ ஜேஸின் விளாடிமிர் கெரேரோ ஜூனியர் அப்போதுதான் 48 ஹோம் ரன் அடித்த பருவத்தை முடித்திருந்தார். தந்தை மொன்றியல் அணிக்கு ஆடிய காலத்தில் அங்கே பிறந்தவர் என்பதால் எங்கள் வீட்டுப் பிள்ளை போலவே அவரைப் பார்த்தோம். 2020 ஜூலையில் ப்ளூ ஜேஸ் முகாமுக்கு வந்தபோது அவருக்கும் உடல் பெருத்திருந்தது. களத்தில் மூன்றாம் பேஸைக் காத்து நின்றவரை, ஓட்டம் குறைந்த முதலாம் பேஸுக்கு மாற்றினார்கள். 60 ஆட்டங்களாகச் சுருங்கிய அந்தப் பருவத்தில் 9 ஹோம் ரன், சராசரி .262 (ஆயிரம் முறை அடிக்க நின்றால் 262 முறை அடி பலித்தது என்ற கணக்கு). பிறகு 42 இறாத்தல், ஏறக்குறைய 19 கிலோ, குறைத்துக்கொண்டு 2021க்கு வந்தார். சராசரி .311 ஆயிற்று. பெரும் லீக்குகள் இரண்டில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதுக்கான வாக்கெடுப்பில் ஷோஹெய் ஒட்டானிக்கு அடுத்த இடம் பிடித்தார். இவ்வளவையும் கண்ணால் கண்ட ஊரில், நிறை குறைத்தால் அடி வரும் என்பதை யார் மறுக்கப் போகிறார்கள்?

நானும் மறுக்கவில்லை. அவன் மட்டை வீசுவதை ஒரு தடவைகூடப் பார்க்காமல் உணவுத் திட்டத்தை எழுதிக் கொடுத்தேன். அதுதான் நான் விட்ட பிழை.

பொடியன் சொன்னதைச் சொன்னபடி செய்தான். தாயின் புட்டும் சோறும் நின்றன. காலையும் மாலையும் ஓட்டம். திங்கட்கிழமை தோறும் தராசில் ஏறுவான். எண் இறங்க இறங்கக் கூடத்தில் நிற்பவர்கள் கை தட்டுவார்கள். பதின்மூன்று வாரத்தில் 31 இறாத்தல் போயிற்று. முகம் ஒடுங்கியது, சட்டை தொங்கியது. கழகத்திலிருந்து வந்து பார்த்தவர்களுக்கு நல்ல சந்தோஷம்.

பெப்ரவரி நடுவில் ஒருநாள் மாலை நான் கணக்குகளை எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டாவது கூண்டிலிருந்து வந்த சத்தம் எனக்குப் பழக்கமில்லாததாக இருந்தது. மரமட்டையின் நடுவில் பந்து சரியாகப் பட்டால் கோடரி விறகில் இறங்குவது போல ஒரு வெடிப்பு கேட்கும். இது ஈரத்துணியைக் கல்லில் அடிப்பது போலிருந்தது. எட்டிப் பார்த்தேன், அவன்தான். மட்டையின் அடிக்குமிழில் பொருத்தியிருந்த உணரியின் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். நவம்பரில் மணிக்கு 73 மைல் வேகத்தில் வீசிய மட்டை இப்போது 70இல் நின்றது. அளவு நாடாவை எடுத்துப் பின்கால் தொடையைச் சுற்றிப் பிடித்தேன். இரண்டு அங்குலம் குறைந்திருந்தது. கொழுப்போடு சேர்த்து அவனுடைய தசையையும் நான் கரைத்துவிட்டேன்.

மூன்று மைல் என்ன பெரிதா என்று தோன்றலாம். பந்தும் மட்டையும் ஒன்றையொன்று தொட்டிருப்பது ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அந்தக் கணத்தில் அடிப்பவரின் உடல் எத்தனை இறாத்தல் என்பது பந்துக்குத் தெரியாது. மட்டை எவ்வளவு வேகத்தில் வந்தது என்பதுதான் தெரியும். மட்டையின் வேகம் ஒரு மைல் கூடினால் பந்து புறப்படும் வேகம் ஏறத்தாழ 1.2 மைல் கூடும். உயரப் பறக்கும் அடிகளில் புறப்படும் வேகத்தின் ஒவ்வொரு மைலுக்கும் பந்து ஐந்தடி அளவில் கூடுதலாகப் போகும். பெருக்கிப் பாருங்கள்: மூன்று மைலுக்குப் பதினெட்டு அடி வருகிறது. வேலியைத் தாண்ட வேண்டிய பந்து வேலியடியில் நிற்பவரின் கையுறைக்குள் விழுவதற்கு அந்தப் பதினெட்டு அடி போதும்.

அந்த வேகம் கையில் பிறப்பதில்லை. பின்கால் நிலத்தை உதைக்கும் விசை இடுப்பைத் திருப்பி, அங்கிருந்து முதுகுக்கும் தோளுக்கும் ஏறி, கடைசியில்தான் மட்டைக்கு வருகிறது. பாரமான உடலில் தசையும் பாரமாக இருந்தால் அந்த உதைப்பு பெரிதாக இருக்கும். நியூயோர்க் யாங்கீஸ் வீரர் ஆரன் ஜட்ஜ் 282 இறாத்தல். 2022இல் 62 ஹோம் ரன் அடித்து அமெரிக்கன் லீக்கின் சாதனையையே உடைத்தவர் அவர். அவரிடம் போய் முப்பது இறாத்தலைக் குறைத்துவிட்டு வாருங்கள் என்று யார் சொல்வார்கள்?

அடுத்த நாள் தாய் தனியாக வந்தார். கையில் சாப்பாட்டுப் பெட்டி. "தங்கச்சி, பிள்ளை இரவில எழும்பித் தண்ணியைக் குடிச்சிட்டுப் படுக்கிறான். பசிக்குதெண்டு வாய் திறந்து சொல்லுறான் இல்லை. நான் என்ன செய்ய?" எனக்கு நெஞ்சு அடைத்தது. பெட்டியை வாங்கி அவனிடம் கொடுத்து, என் மேசையிலேயே இருந்து சாப்பிடச் சொன்னேன். இடியப்பமும் முட்டைக் குழம்பும். "அன்ரி, உண்மையாச் சாப்பிடலாமா?" என்று இரண்டு தரம் கேட்டான். அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை.

அன்றைக்குத்தான் மட்டைப் பயிற்றுநருடன் இருந்து அவனுடைய வீச்சின் காணொளியை மெதுவாக ஓட விட்டோம். நவம்பரிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. மணிக்கு 95 மைல் வேகப் பந்து எறிபவர் கையிலிருந்து, அடிப்பவர் நிற்கும் தட்டுக்கு வர ஏறக்குறைய 0.4 விநாடிதான் எடுக்கும். அவன் முகம் கொடுத்தது அதைவிட வேகம் குறைந்த பந்துகளுக்குத்தான். என்றாலும் பந்து பாதி வழி வந்த பிறகே முன்காலை ஊன்றினான். கால் பிந்தியதால் கை அவசரப்பட்டது. கை அவசரப்பட்டதால் முன்தோள் முதலிலேயே திறந்துகொண்டது. நல்ல எறிபவர்களை ஒன்றரை வருடம் சந்திக்காமல் இருந்த கண்ணுக்கு நேரம் பிடிபடவில்லை. இதே கால் 2021 கோடைக் காணொளியிலும் பிந்தித்தான் இருந்தது, 258 இறாத்தலோடும் பிந்தியது, 227 இறாத்தலோடும் பிந்தியது.

அதற்குப் பிறகுதான் பழைய கதைகளைப் பொறுமையாகத் தேடி வாசித்தேன். 1920களின் ஹோம் ரன் நட்சத்திரமான பேப் ரூத்தை எல்லோரும் தொப்பையோடு நினைவில் வைத்திருக்கிறார்கள். 1925 ஏப்ரலில், 30 வயதில், வட கரோலினாவின் ஆஷ்வில் ரயில் நிலையத்தில் சுருண்டு விழுந்தார். வயிற்றில் அறுவை நடந்தது. அந்த வருடம் 98 ஆட்டம், 25 ஹோம் ரன், சராசரி .290; ஒழுங்கு மீறியதற்கு 5,000 டொலர் தண்டமும் தற்காலிக நீக்கமும் வேறு. குளிர்காலத்தில் நியூயோர்க்கில் ஆர்ட்டி மெக்கவர்ன் நடத்திய உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போய் உடம்பை இறக்கினார். 1926இல் .372, 47 ஹோம் ரன். 1927இல் 60. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தக் குளிர்காலத்தில் அவர் நோயிலிருந்து மீண்டார், ஒழுங்காகத் தூங்கினார், கால்களைப் பலப்படுத்தினார் என்பது. தராசில் இறங்கிய எண் அவற்றோடு கூட வந்தது.

பப்லோ சண்டோவாலின் கதை மனதை வருத்துவது. சான் பிரான்சிஸ்கோ அணிக்கு 2010இல் .268 அடித்து, பருவத்தின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் பெரும்பாலும் வாங்கிலேயே இருந்தார். குளிர்காலத்தில் உடல் மெலிந்து 2011இல் .315, 23 ஹோம் ரன். அதோடு கதை முடிந்திருந்தால் எல்லோருக்கும் வசதியாக இருந்திருக்கும். 2012 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன் அடித்துத் தொடரின் சிறந்த வீரர் ஆனபோது அவர் ஒல்லியாக இருக்கவில்லை. பிறகு பொஸ்டனுக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தில் போனார். 2016 ஏப்ரலில் மட்டையை வீசும்போது இடைவார் அறுந்தது. நாடெங்கும் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டிச் சிரித்தார்கள். அந்த வருடம் தோளில் அறுவை. 2017 வசந்தத்தில் நன்றாக மெலிந்து வந்தார், பாராட்டாத பத்திரிகை இல்லை. அடித்தது .212. ஜூலையில் அனுப்பிவிட்டார்கள்.

கெரேரோவையும் நான் இப்போது வேறு மாதிரித்தான் பார்க்கிறேன். 2020இல் அவர் அடித்தவற்றில் பாதிக்கு மேல் நிலத்தில் உருண்டு போன பந்துகள். எவ்வளவு பலமாக அடித்தாலும் உருளும் பந்து வேலியைத் தாண்டாது. 2021இல் பந்துகள் மேலெழத் தொடங்கின. 22 வயது, கை முதிரும் காலம். கொரோனாவால் கனடா எல்லை மூடியிருந்ததால் அந்தப் பருவத்தின் முதற்பாதியில் ப்ளூ ஜேஸின் சொந்த ஊர் ஆட்டங்கள் அமெரிக்காவில் டனீடனிலும் பஃபலோவிலும் இருந்த சிறிய மைதானங்களில் நடந்தன. அங்கே அவர் வெளுத்து வாங்கினார். மெலிந்த உடம்பு உதவியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நாள் தவறாமல் ஆடினார், உட்பக்கம் வரும் பந்துக்கு இடுப்பை வேகமாகத் திருப்பினார். ஆனால் 2022இல் 32, 2023இல் 26 என்று ஹோம் ரன்கள் இறங்கியதற்கு யாராலும் தராசைக் காட்ட முடியவில்லை.

பெருத்த பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நன்றாக அடிக்கும் வரைக்கும் அவர்களை மலை என்றும் யானை என்றும் கொண்டாடுகிறார்கள். நான்கு வாரம் பந்து படவில்லை என்றால் அதே உடம்பு குற்றமாகிவிடுகிறது. மெலிந்தவன் அடிக்காவிட்டால் அவனுடைய காணொளியைப் பார்க்கிறோம். பருத்தவன் அடிக்காவிட்டால் அவனுடைய சாப்பாட்டுத் தட்டைப் பார்க்கிறோம். நானும் அப்படித்தான் செய்தேன்.

ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்துப் பாரம் தூக்குவதைக் கூட்டினோம். சோறு திரும்ப வந்தது. மே மாதம் 238 இறாத்தல். மட்டை வேகம் 73க்குத் திரும்பியிருந்தது. முன்காலை நேரத்துக்கு ஊன்றப் பழக இன்னும் கூடுதல் காலம் எடுத்தது. அந்தக் கோடை பெரிய சாதனை எதுவும் இல்லை, ஆனால் பந்து பட்டது. குறைந்த இருபது இறாத்தலால் முழங்கால் நோவும் நின்றது. பிறகு அவன் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டான். நத்தார் விடுமுறைக்கு வந்தால் ஒருநாள் கூடத்துக்கு வந்து சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து போட்டுக் கொடுப்பான்.

இந்த நவம்பரிலும் ஒரு தாள் வந்திருக்கிறது. வேறு கழகம், 16 வயதுப் பொடியன், 25 இறாத்தல். தராசுப் பக்கம் நடந்தவனைக் கூப்பிட்டு, தம்பி, முதலில் மட்டையை எடுத்துக்கொண்டு இரண்டாவது கூண்டுக்குப் போ என்றேன். பயிற்றுநர் கமராவைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் கதவருகில் நின்று சத்தத்தைக் கேட்டேன்.